ஏழாவது பஞ்சு மெத்தை

4-7-1938, திங்கள்

காலையில் தெற்கு மாட வீதி வீணை வித்வான் சந்திரமௌலி ஐயர் கச்சேரி ரோட்டில் என் பட்டறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே முடிச்சுகள் போட்ட ஒரு நூலை என் பலகைமேல் போட்டார். வீணையின் அளவாம். 14ஆம் தேதி கொழும்புக்குத் தபால் கொண்டுபோகும் விமானத்தில் போகிறார். போன முறை கப்பலில் யாரோ மூட்டையை மேலே வைத்து வீணைக் குடத்தில் விரிசல் விட்டுவிட்டதாம். அதனால் கச்சேரிக்குக் கூப்பிட்ட கொழும்பு வர்த்தகரே இந்தத் தடவை விமானத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். வீணைக்குப் பெட்டி வேண்டும்.

வீணையை ஒருமுறை பார்த்து, தடவி அளந்துகொள்கிறேன் என்றேன்.

"பாய், அளவு நூல்லே இருக்கு. நீ அதைத் தொட வேண்டாம்."

இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி செய்கிறேன். ஒரு சாமானைத் தொடாமல் அதற்குப் பெட்டி செய்தது கிடையாது. அதைச் சொன்னேன். அப்படியானால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார். தாராளமாகப் பாருங்கள் என்றேன். நூலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

5-7-1938

அந்த நூல் இன்னும் பலகைமேல் கிடக்கிறது. நூல் நீளத்தைச் சொல்லும். எங்கே தாங்க வேண்டும் என்று சொல்லுமா?

7-7-1938, வியாழன்

வந்தார். வீணையோடு, ரிக்‌ஷாவில்.

நடந்தது இது. லஸ்ஸில் ஒரு தச்சரிடம் தேக்கில் பெட்டி செய்து, மீனம்பாக்கத்துக்கு எடுத்துப்போயிருக்கிறார். அங்கே தராசில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீணையும் பெட்டியும் சேர்ந்து நாற்பது பவுண்டைத் தாண்டக் கூடாதாம். தேக்குப் பெட்டி மட்டுமே ஐம்பது இருந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீணையை அவரே தூக்கிவந்து என் பலகைமேல் வைத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து அளந்தேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் என்னவோ அசிங்கம் செய்வதுபோல.

வீணையின் நீளக் கழுத்தான தண்டி, குடத்தோடு சேரும் ஒட்டில் விரலை ஓட்டியபோது கட்டைவிரலுக்கு ஒரு மயிரிழை தட்டியது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிந்தது.

"சாமி, இந்த ஒட்டு கொஞ்சம் விட்டுக்கினு கீது. இதுக்கு அடியில தனியா ஒரு தாங்கல் வெக்கணும். இல்லாட்டி குலுக்கல்ல முறிஞ்சுடும்."

"பெட்டி பண்றவன் பெட்டியைப் பண்ணு. வீணையைப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேண்டாம்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீணையை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, எதிர்ப்புறப் பூக்கடைக்காரரிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார், ஆத்துக்குப் போனதும் இதுக்குப் புண்ணியாவசனம் பண்ணியாகணும் என்று.

என் கை பட்ட தீட்டுக்கு. நான் கழுவிய கை. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து இழைப்புளியை எடுத்தேன். ஏன் குனிந்தேன்? தெரியவில்லை — அதுதான் இப்போது எரிகிறது.

8-7-1938, வெள்ளி

ஜும்மா தொழுகையிலும் மனம் நிற்கவில்லை.

10-7-1938

வேலை மட்டும் நன்றாக வருகிறது. மரம் வேண்டாம், கனம். தகரம் வேண்டாம், நசுங்கும், வெயிலில் சூடேறும். பிரம்பால் கூடு கட்டி, மேலே கித்தான் இழுத்து, வார்னிஷ் இரண்டு கை பூசியிருக்கிறேன். மூலைகளுக்கு மட்டும் தோல். உள்ளே இலவம்பஞ்சு மெத்தைகள் ஏழு. யாளி முகத்துக்கு ஒன்று, அதனடிச் சுரைக்காய்க்கு ஒன்று, குடத்தைச் சுற்றி நான்கு, தண்டி ஒட்டுக்கு அடியில் ஒன்று. ஹாஜிரா பீ இரண்டு நாளாக அவற்றைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். என் மனைவியின் தையல் பிரிந்து நான் பார்த்ததில்லை.

பெட்டி பத்தொன்பது பவுண்டுதான். வீணை இருபதுக்குள். தராசுக்காரன் வாய் திறக்க முடியாது.

12-7-1938, செவ்வாய்

ஐயர் ஆள் அனுப்பிப் பெட்டியை எடுத்துப்போனார்.

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஆறு மெத்தைகள்தான் வைத்தேன். ஒட்டுக்கு அடியில் வைக்க வேண்டியதை வைக்கவில்லை. மறதி இல்லை. கையில் எடுத்தேன், திரும்பக் கூடையில் போட்டேன். வீணை சாஸ்திரம் தெரிந்தவர் அல்லவா, அவரே பார்த்துக்கொள்ளட்டும். கொழும்பில் பெட்டியைத் திறக்கும்போது, அத்தனை பேர் முன்னால், தண்டி தனியாகக் கையோடு வரட்டும்.

நிம்மதியாக இருக்கிறது. இருக்கிறதா?

13-7-1938

ஹாஜிரா கூடையைக் கவிழ்த்திருக்கிறாள். மெத்தையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஏழு தெச்சேன். ஒண்ணு இங்க கீது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று தெருவில் நடந்ததை அவளும் கேட்டவள்தான். எனக்காக அழுதவள்தான். ஆனாலும் சொன்னாள்:

"அந்த ஐயர் மேல கோவம்னா அவர் வூட்டு வாசல்ல போய் நின்னு சண்டை போடு. என் கையால தெச்சத வெச்சு இந்த வேலை பண்ணாத."

சோறு போட்டாள். ஐயர் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா? அந்த வாசலில் போய் நிற்பதா? மாட்டேன்.

14-7-1938, வியாழன்

விடிந்ததும் மெத்தையை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். சைதாப்பேட்டைப் பாலம், கிண்டி, பரங்கிமலை. எதிர்க்காற்று. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் போனேன்.

மீனம்பாக்கம் மைதானத்தில் விமானம் நின்றிருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது, றெக்கை முளைத்த மோட்டார் வண்டிபோல. பெட்டி தராசில் இருந்தது. பக்கத்தில் ஐயர், ஜரிகை அங்கவஸ்திரம். ஓட்டுகிற வெள்ளைக்காரர், குமாஸ்தா, வழியனுப்ப வந்தவர்கள் பத்துப் பேர்.

என்னைப் பார்த்ததும் ஐயர் முகம் சுருங்கியது. இனாம் வாங்க இவ்வளவு தூரம் வந்துட்டியா என்றார். சிலர் சிரித்தார்கள். பெட்டியின் தோல் வார் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன். பெட்டியைத் தொடாதே, தீட்டுக் கழிச்சு சுத்தி பண்ணியாச்சு என்று கையை நீட்டி மறித்தார். குமாஸ்தா நேரமாகிறது என்றார். இரண்டு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.

அப்போது சொல்லிவிட்டேன்.

"தண்டிக்கு அடியில ஒரு மெத்தை வெக்கல சாமி. மறந்துபோய் இல்ல. வேணும்னுதான் வெக்கல. நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னதுக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் திருப்பி அடிக்கவும் தயாராக இருந்தேன், சத்தியமாக. அவர் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். வார்களை அவரே அவிழ்த்து மூடியைத் திறந்தார். ஒட்டில் தன் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"வை" என்றார்.

வீணையைத் தூக்கி, மெத்தையை வைத்து, இறக்கினேன். இரண்டு கைகளாலும் தொட்டுத்தான் செய்தேன். அன்று சுவரைப் பார்த்து நின்றவர், இப்போது என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்களைக் கட்டியதும், "இதை நான் மறக்க மாட்டேன் பாய்" என்றார். அது என்ன அர்த்தத்தில் என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

விமானம் கிளம்பும்வரை நான் நிற்கவில்லை.

19-7-1938

வீணை பத்திரமாகப் போய்ச் சேர்ந்து கச்சேரியும் நடந்ததாம். பூக்கடைக்காரர் சொன்னார். ஹாஜிராவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

11-8-1938

ஐயர் ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. மாட வீதிகளிலிருந்து ஒரு வேலையும் வரவில்லை. என்னைப்பற்றி என்ன சொல்லிவைத்திருக்கிறாரோ. சொல்லட்டும். நான் செய்ததைத்தானே சொல்லுவார். இன்று கோயில் குளத்தருகே எதிரில் வந்தார். இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டோம். அவரவர் வழியே போனோம்.

6-9-1938, செவ்வாய்

அடையாற்றிலிருந்து ஓர் அம்மாள் மோட்டாரில் வந்தார். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய பிடில் ஒன்று வைத்திருக்கிறார். அதோடு விமானத்தில் கராச்சிவரை போக வேண்டுமாம். பெட்டி வேண்டும். இந்த இடத்தை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். சந்திரமௌலி ஐயர் என்றார்.

ஐயர் என்ன சொன்னார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் சற்றுத் தயங்கிவிட்டு, அவர் சொன்னபடியே சொன்னார்:

"'அவன் பொல்லாதவன். ஆனா பொல்லாப்புப் பண்ணினா அவனே ஓடிவந்து சொல்லிடுவான். மத்தவா சொல்ல மாட்டா. அவன்கிட்டயே குடு'ன்னார்."

ஐயரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

அப்படி என்ன பொல்லாப்புச் செய்தீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னேன். முழுதும் சொன்னேன். பின்னால் ஹாஜிரா தையலை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மூலையிலிருந்த பிரம்புக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வாத்தியத்தை நாளைக்குக் கொண்டுவருகிறேன், தொட்டுப் பார்த்தே அளந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருகிறாரா பார்ப்போம்.

7-9-1938

வந்தார்.