வாசலில் நின்ற துரியோதனன்

செங்கல்பட்டு
18.11.2003

அன்பு மகள் மானசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

பூர்ணிமா டாக்கீஸ் திறந்தாயிற்று. இனி அது பூர்ணிமா கலையரங்கம், அப்பா அதன் செயலாளர். தை மாதம் நீ வந்து அங்கே பரதம் ஆடப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நீ சரி என்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

விழா மலருக்குக் கொட்டகையின் வரலாற்றை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவர், கேபிள் டிவி வந்து கூட்டம் குறைந்து தொண்ணூற்றேழில் மூடியது, பிறகு உர மூட்டைக் கிடங்கானது, எல்லாம் எழுதினேன். அச்சில் மணலும் இல்லை, சுவரும் இல்லை, உரமும் இல்லை. கௌரவமாக இல்லை என்று கமிட்டித் தலைவர் வெட்டிவிட்டாராம். மிச்சம் முழுக்க நன்கொடையாளர் படங்கள். பார்க்கவே கூசியது. ஆனால் அது ஒன்றுமே இல்லை.

செய்யூர் கூத்து வாத்தியார் சுப்பிரமணி நினைவிருக்கிறதா? சின்ன வயதில் அவருடைய துரியோதனனைப் பார்த்து என் முந்தானைக்குள் ஒளிந்தாயே, அவர்தான். அப்பாவே அவர் வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் கொடுத்துவிட்டு வந்தார். கூத்துக்காரர்கள் தாம்பூலம் வாங்கிவிட்டால் ஆட்டம் உறுதி; ஆடாமல் விட மாட்டார்கள். அப்பாவோ அதை வெறும் மரியாதை என்று நினைத்திருக்கிறார்.

விழா அன்று ஆர்மோனியம், மத்தளம், முகவீணையோடு மொத்தக் குழுவும் வேனில் வந்து இறங்கியது. உள்ளே விடவில்லை. புதுக் கம்பளத்தில் அரிதாரம் ஒட்டுமாம். வாத்தியாரை மட்டும் கிரீடமும் புஜக்கட்டையுமாக வேஷம் கட்டச் சொல்லி, கையில் பன்னீர்ச் சொம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். வருகிற காருக்கெல்லாம் அவர் கும்பிடு போட வேண்டும். மற்றவர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும், “இன்னா டீச்சர், துரியோதனன வாட்ச்மேன் ஆக்கிட்டானுங்க பாத்தியா” என்று சிரித்தார். அவர் மனைவி செங்கம்மாள் சிரிக்கவில்லை. “கிரீடம் வச்ச தலய்யா அது, எவனுக்கும் குனியாத. வூட்டுக்கு வா” என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நன்றாகப் பேசுகிற பிள்ளையைச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே பேச்சுப் போட்டி நடத்துகிற பள்ளிக்கூடம் உண்டா? உண்டு, மானசா. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

“என்ன குறைஞ்சு போச்சு? எல்லாரும் அவரோட நின்னு போட்டோ எடுத்துண்டா” என்கிறார் அப்பா. அன்று அவருக்குச் சாதம் போடும்போது எனக்குக் குமட்டியது. மகளிடம் எழுதக்கூடாத வார்த்தை. எழுதிவிட்டேன்.

இப்போது சுப்பிரமணி வேறு ஆட்டத்துக்கே ஒப்புக்கொள்வதில்லை. “வாங்கின தாம்பூலத்துக்கு ஆடாம வேற எடத்துல சலங்க கட்ட மாட்டேன்” என்கிறார். தேடி வந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் போகிறார்கள். குழுவில் எல்லோர் வீட்டிலும் கஷ்டம். செங்கம்மாள் சவுக்குத் தோப்பில் மரம் சுமக்கிறாள். ஒரு நாள் மேடையைக் கொடுங்கள் என்று கேட்டேன். பலகை தாங்காது என்கிறார்கள். நீ குதித்தால் மட்டும் தாங்குமாம்.

நான் சொன்னால் அங்கே எடுபடாது. நீ சொன்னால் எடுபடும். உன் பெயரைப் போட்டு நோட்டீஸே அடிக்கப்போகிறார்கள். முதலில் சுப்பிரமணி குழு அந்த மேடையில் முழு ஆட்டம் ஆடட்டும், பிறகு நான் ஆடுகிறேன் என்று அப்பாவுக்கு எழுது. அவர் கோபித்துக்கொள்வார். கமிட்டி உன் நிகழ்ச்சியையே ரத்து செய்யலாம். அப்படியானால் நீ தைக்கு வர மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். நீ போய் மூன்று வருஷமாகிறது. உன் அறையை நேற்றுதான் ஒட்டடை அடித்து வைத்தேன்.

இருந்தாலும் எழுது, கண்ணே. எந்த ஊரில் ஆடினாலும் தலை நிமிர்ந்து ஆடு. நல்லா இரு.

உன் அம்மா,
பர்வதம்