பின்கட்டுப் பாசி

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் வெளிச்சுவரைக் கழுவ ஆட்கள் வந்திருந்தார்கள். கூடுவாஞ்சேரியில் இந்த வருடம் நல்ல மழை. வடக்குச் சுவர் முழுக்கப் பச்சை. வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்ததும் அந்த நெடி மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். அதற்குள் உங்கள் நினைப்பு வந்துவிட்டது, அண்ணி.

என் கணவரின் அக்கா நீங்கள். எழுபத்தொன்றில் மாமல்லபுரத்துப் பக்கமிருந்து செங்கல்பட்டில் உங்கள் வீட்டுக்கு வாழ வந்தேன். மாமியார் இல்லை. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்த நீங்கள்தான் அங்கே எல்லாம். ஏரியோரத்து வீடு. மழை விட்டதும் பின்சுவரிலும், குளியலறைக்குப் போகும் கல்பாதையிலும் பாசி படர்ந்துவிடும். எங்கள் ஊரில் உப்புக்காற்று சுவரை அரிக்கும், இப்படிப் பச்சை பிடித்துப் பார்த்ததில்லை என்றேன். சொன்னதுதான் தப்பு.

“சமுத்திரக்கரைக்காரிக்கு இன்னா தெரியும்? இந்தா, தேய்” என்று கம்பி பிரஷைக் கையில் திணித்தீர்கள்.

மயில்துத்தம் கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, சுரண்டி, தேய்த்துக் கழுவ வேண்டும். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பீர்கள். முடிந்ததும் சுவரை விரலால் தடவி, ஒட்டிய பச்சையை என் புடவையிலேயே துடைப்பீர்கள். “மறுபடி தேய்.” விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரியும். அந்தக் கையால்தான் உங்களுக்குக் குழம்பு ஊற்றுவேன்.

மூன்றாம் வருடம் எனக்கு ஐந்து மாதம். “அண்ணி, தலை சுத்துது” என்றேன்.

“சுத்துனா சுவத்தப் புடிச்சிக்கோ.”

பிடித்த இடத்திலும் பாசி. விழுந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான்காம் நாள் குழந்தை இல்லாமல் திரும்பியபோது வாசலில் நின்று சொன்னீர்கள்: “வேலைய பாதியில வுட்டுட்டுப் பூட்டே. காஞ்சா இன்னும் பேஜாரு.” உங்கள் தம்பி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான். உங்கள் மூட்டுகள் வீங்கின. வீட்டுச்சாவி என் இடுப்புக்கு வந்தது; யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். உங்களைப் பின்னறைக்கு மாற்றினேன். எழுபத்தெட்டில் ஐப்பசி மழை ஓய்ந்ததும் கேட்டீர்கள்: “கல்லெல்லாம் வழவழன்னு கீது. யாரையாவது வுட்டுத் தேய்க்கச் சொல்லும்மா.”

அதுவரை என்னை நீங்கள் ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. “சொல்றேன் அண்ணி” என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. முன்படியையும் பக்கச்சுவரையும் நானே பளிச்சென்று தேய்த்தேன். உங்கள் பாதை தொடங்கும் இடத்தில் பிரஷைக் கீழே வைத்தேன். மறுபடி கேட்டீர்கள். மறுபடி சொல்றேன் என்றேன். சுவரைப் பிடித்தபடி நீங்கள் ஒவ்வொரு கல்லாகக் கடப்பதைச் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இனி எழுந்து நடக்க மாட்டார் என்றார் டாக்டர். உங்கள் தம்பி எப்படி விழுந்தாய் என்று கேட்டதற்கு, “கால் பெசகிடுச்சிடா” என்றீர்கள். அவ்வளவுதான்.

நான்கு மாதம் கிடந்தீர்கள். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ஒரு குறை வைக்கவில்லை. பங்குனியில் நீங்கள் போனபோது, பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஊரே சொன்னது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். இன்றுவரை மறுத்துச் சொன்னதில்லை.

உங்களிடமிருந்து என்னோடு வந்தது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் விழுந்த மறுநாள் உறவுக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. விடிந்ததும் துத்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கல்பாதையில் மண்டியிட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். பின்னறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. பிரஷ் சத்தம் கேட்டிருக்கும். படுத்தபடியே கேட்டீர்கள், கோபமில்லாமல்:

“இப்பத் தேய்க்கிறியா?”

நான் கையை நிறுத்தவில்லை. அவர்கள் வருவதற்குள் இன்னும் மூன்று கல் பாக்கி இருந்தது.