ஏழாம் எண்ணின் வாய்

மார்ச் 4

அறிக்கை முடிந்தது. எங்கள் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள், பன்னிரண்டு வரிசை. கூடையில் போட்ட பந்து, கொடுத்த பந்து, பறித்த பந்து, பறிகொடுத்த பந்து. எல்லாம் சேர்த்து ஆளுக்கொரு மதிப்பெண்.

கடைசி இடம்: ஏழாம் எண். அக்காவின் கணவர்.

பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் வைத்துத்தான் வேலை செய்தேன். நேர்மைக்காக. அக்கா வீட்டு மிதியடியில்கூட ஏழு என்று போட்டிருக்கிறது. எந்த நேர்மை?

மார்ச் 5

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 6

அணி மேனேஜருக்கு முகமெல்லாம் வெளிச்சம். மாமாவின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வயது முப்பத்துநாலு. "அனுப்பிடலாமான்னு கேட்க எனக்கு மனசே வரலைம்மா. நல்லவேளை, உன் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

மத்தியானம் அக்கா போன்.

"பன்னெண்டுல பன்னெண்டாமே?"

"நான் வெறும் நம்பரை வச்சுத்தான்க்கா —"

"அஞ்சாங் கிளாஸ்ல உனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவடி நான். எனக்கு இது தேவைதான்."

வைத்துவிட்டாள்.

மார்ச் 8

அம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அக்கா என்னோடு அம்மா வழியாகத்தான் பேசினாள். "அம்மா, அந்த நிபுணருக்கு உப்பு போதுமான்னு கேளு."

மாமா உப்பை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வார்த்தை இல்லை. கோபமில்லை, அவர் அப்படித்தான். கல்யாணமான ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எழுதினால் ஒரு பக்கம் வராது.

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 11

ஒரு காலத்தை மறைத்து வைத்திருந்தேன். காலம் என்றால் நேரமல்ல, அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கும் ஆங்கில 'column'. ஒருவர் களத்தில் இருக்கும் நிமிடங்களில் அணி எத்தனை புள்ளி ஏறுகிறது, எத்தனை இறங்குகிறது என்ற கணக்கு. கூட ஆடுபவர்களின் புண்ணியமும் அதில் கலந்துவிடும், நம்ப முடியாது என்று ஒதுக்கியிருந்தேன். இன்று சும்மா திறந்தேன்.

முதலிடம்: ஏழாம் எண்.

சூத்திரத்தில் பிழை என்றுதான் நினைத்தேன். மூன்று முறை சரிபார்த்து, பிறகு காகிதத்தில் கையால் போட்டேன். பிழை இல்லை. போடுவதில்லை, பறிப்பதில்லை, கொடுப்பதும் குறைவு. ஆனால் அவர் உள்ளே வந்தால் எதிரணி தடுமாறுகிறது.

என்னதான் செய்கிறார் இந்த மனிதர்?

சொன்னால் யார் நம்புவார்கள்? 'அக்கா மூஞ்சியைத் தூக்கினா, கணக்கு மாறிடுச்சு' என்பார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

மார்ச் 12

ஆறு ஆட்டங்களின் வீடியோ. மாமா ஓடுகிறார். திரும்பி ஓடுகிறார். அவ்வளவுதான்.

மார்ச் 14

கேமராக்காரருக்குக் கழுத்துப் பிடிப்பு. பயிற்சியைப் படமெடுக்க என்னை அனுப்பினார்கள். இந்த வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் ஆடுகளக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது இதுதான் முதல் தடவை.

அரங்கம் முழுக்க ஒரே குரல்.

"பின்னாடி வரான் பாரு! இடது, இடது! அவனை விடு, அவன் போடமாட்டான்! டேய் நெட்டை, கையைத் தூக்கு! எதுக்குடா அவ்ளோ நீளமா வளர்ந்த?"

நாற்பது நிமிடம். மூச்சு விட்டதாகவே தெரியவில்லை. அவர் சொன்ன பக்கமெல்லாம் மற்ற நான்கு பேரும் போனார்கள். போன இடத்துக்கெல்லாம் பந்து வந்தது. நடுவில் எதிரே நின்றவனிடம், ரொம்பப் பாசமாக, "தம்பி, ஷூ லேஸ்." அவன் குனிந்தான். லேஸ் சரியாகத்தான் இருந்தது. பந்துதான் இல்லை.

மாமா! உப்பைக்கூடப் பேசாமல் நகர்த்துகிற மாமா!

வர்ணனையாளரின் கத்தல் பிடிக்காமல் இரண்டு வருடமாக எல்லா வீடியோவையும் ம்யூட்டில் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். ம்யூட்டில்.

மார்ச் 17

புது காலம். தலைப்பு: வாய். ஹெட்போன் போட்டுக்கொண்டு பதினாறு ஆட்டங்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு குறி, அடுத்த ஐந்து நொடியில் என்ன நடந்தது என்று இன்னொரு குறி.

அம்மா போன். "என்னடி பண்ற?"

"மாமாவுக்குப் புதுசா ஒரு காலம் போட்டிருக்கேன்மா."

"நல்ல காலமா?"

மார்ச் 19

மேனேஜர் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. "வாய்க்கு மார்க்கா? அப்ப எங்க வீட்டுலயே ரெண்டு தேசிய வீரருங்க இருக்காங்கம்மா." பிறகு சிரிக்காமல், "சொந்தக்காரர்னு ஒரு காலம் போட்டியா?"

காது சுட்டது.

"என்னை நம்பாதீங்க சார். சோதிச்சுப் பாருங்க. சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்துல ஒரு கால்பகுதி அவர் வாயைத் திறக்காம ஆடட்டும். அடுத்த கால்பகுதி திறந்து ஆடட்டும்."

கோச் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார். "வாயை மூடிக்கிட்டு இருக்க அவனால முடியுமா?"

"வீட்ல முடியுது சார்."

மார்ச் 22

மூடியது: பதினொரு புள்ளி இறக்கம். நெட்டை இரண்டு முறை நம் ஆள்மீதே மோதினான். இடைவேளையில் மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, உடம்பு சரியில்லையா?"

திறந்தது: ஒன்பது ஏற்றம்.

அறிக்கையின் அடியில் எழுதினேன்: இது இருபது நிமிட ஆட்டம் மட்டுமே, இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. உண்மை அதுதானே. எழுத வேண்டியிருந்தது.

கோச் படித்தார். பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அடித்தார். மேனேஜரோ, கோச் அடித்த அந்த வரியைத்தான் முதலில் படித்தார்.

"பார்க்கலாம்."

மார்ச் 31

மாதக் கடைசி. போன் அடிக்கவில்லை. ம்யூட்டில் இருக்கிறதா என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 9

புதிய பருவத்தின் முதல் ஆட்டம். மாமாவின் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். அக்கா என் பக்கத்தில், கோட்டுக்கு இரண்டடி தள்ளி. இத்தனை வருடமும் டிவியில்தான் பார்த்தாளாம்.

ஏழாம் எண் உள்ளே வந்தது.

"யாருடி அது, இப்படிக் கத்தறது?"

கையைக் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன காய் வாங்கணும்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டற மனுஷன்."

"இடது! இடது!" என்றார் மாமா.

அக்கா பையை எடுத்துக்கொண்டு இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இடம் விட்டு நான் ஏற்கெனவே நகர்ந்திருந்தேன்.