கதவு சாத்தியிருக்கிறது

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

சொன்னால் திட்டுவீர்கள். உங்கள் தம்பி வேலை பார்த்த ஃபேக்டரியை இழுத்து மூடி, சாமான்களை ஏலம் விட்டார்கள். மாவு மில்காரர் ஒருவருக்குச் சரிசெய்து கொடுக்க, மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற கன்ட்ரோலர் பெட்டி ஒன்று எடுத்தேன். உங்கள் தம்பி உயிரை வாங்கிய அதே மெஷினுடைய பெட்டி என்பது, உள்ளே எழுதியிருந்த மெஷின் நம்பரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

வயரிங் படம் கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி, மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தடவிப் போகிறேன். நேற்று கரண்ட் கொடுத்தேன். மோட்டார் ஓடியது. ஓடக் கூடாது அண்ணி. மெஷின் கதவைத் திறந்தால் மோட்டாரை நிறுத்த ஒரு ஸ்விட்ச் உண்டு. அது ஃபேக்டரியிலேயே தங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் கதவு திறந்திருப்பதாக எடுத்துக்கொண்டு பெட்டி மோட்டாரை ஓட விடக் கூடாது. ஆனாலும் கதவு சாத்தியிருப்பதாகவே இந்தப் பெட்டி நம்புகிறது. என் மேஜையில் கதவே இல்லை. பயந்துபோய் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 11

என் மீட்டர்காரிக்கு,

சனியனை விலை கொடுத்து வாங்கினாயா! உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் வைத்தது கருகிவிட்டது.

"கதவு ஸ்விட்ச் வேலை செய்யாதபடி உங்க தம்பியேதான் பண்ணி வச்சாரு, அதான் கை மாட்டிக்கிச்சு" என்று அந்த மேனேஜர் என் முகத்துக்கு நேராகச் சொன்னான். அவன் சட்டையைப் பிடிக்காத குறை. என் தம்பி அப்படிச் செய்கிறவன் இல்லை என்று கேட்கிறவர்களிடமும் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் உயிரோடு இருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் கைவைத்தது எவன் என்று கண்டுபிடித்து எழுது.

ஆசியுடன்,
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஸ்விட்ச் மாட்ட வேண்டிய இரண்டு முனைகளையும் பின்பக்கமாக ஒரு துண்டு சிவப்பு வயர் சேர்த்திருக்கிறது. ஸ்க்ரூவை இறுக்குகிற பக்கமாகத்தான் வயர் நுனியை வளைக்க வேண்டும். இது எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறது. இறுக்க இறுக்கப் பிதுங்கி வெளியே வரும். இடது கைக்காரரான உங்கள் தம்பி வீட்டில் ஒவ்வொரு ப்ளக்கையும் இப்படித்தான் போட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பிதுங்காமலிருக்க மேலே ஒரு சொட்டு ஈயம் வைத்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சொட்டும் இருக்கிறது.

கம்பெனி பொய் சொல்லவில்லை அண்ணி. கதவைத் திறக்கும்போதெல்லாம் மெஷின் நிற்கிறது, வேலை கெடுகிறது என்று அவருக்கு தினமும் வசவு. அதற்குப் பயந்துதான் செய்திருப்பார். அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. அந்த வளைவைத் தொட்டால் அழுகையும் வருகிறது.

மில்லில் அதன் முன்னால் நிற்கப்போவது மில்காரரின் மருமகள். வயரை வெட்டித்தான் ஆக வேண்டும். உங்களிடம் சொல்லாமல் வெட்ட மனசு வரவில்லை.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 26

தம்பி பெண்டாட்டிக்கு,

உலகத்தில் இடது கைக்காரன் அவன் ஒருத்தன்தானா?

பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போடு. மில்காரனுக்கு வேறு கிடைக்காமலா போகும்? அவன்தான் செய்தான் என்றே வைத்துக்கொள். அவன் கை பட்டதில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை வெட்ட உனக்குக் கை வருமா?

வெட்டினால், தப்பு அவன்மேல்தான் என்று நீயே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்கமாட்டேன்.


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

பிரிக்கமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வெட்டிவிட்டேன். புது ஸ்விட்ச் மாட்டி, இன்று காலை மில்லில் மெஷினை ஓடவிட்டேன். "கதவைத் திறந்து பாக்கணும்னு சொன்னீங்களே அக்கா?" என்று மில்காரரின் மருமகள் கேட்டாள். கைப்பிடி வரை போன கையை இழுத்துக்கொண்டேன். "நீயே திறம்மா" என்றேன்.

நின்றுவிட்டது அண்ணி. அவள் திறந்ததுமே நின்றுவிட்டது. அந்த வயர் மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருக்கும்.

என்றும் உங்கள்,
மீட்டர்காரி