மோட்டரில் நீ வைத்த பொட்டு

மச்சான்,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். நர்ஸம்மா வீட்டு மோட்டர் மழைக்காலத்தில்தான் போகும் என்றேன், போனது. போகும்போது பின்பக்கத்து பேரிங்தான் முதலில் கத்தும் என்றேன், கத்தியது. உன்னைக் கட்டிய என் தங்கச்சி ஒருநாள் அந்தத் தண்ணீரில் இறங்குவாள் என்றும் சொன்னேன். நீ நம்பவில்லை. "ஒன் வாயில சனியன் குடியிருக்கான் மச்சான்" என்று சிரித்தாய். இப்போது பார்.

பம்ப் அறையில் குந்தியிருந்து மோட்டரின் பின்மூடியைக் கழற்றியபோது வந்த வாசனையில்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. கருகிய வார்னிஷும் குளோரினும் கலந்த வாசனை அது. நம் இரண்டு பேர் சட்டையிலும் வருடக்கணக்காக இருந்த வாசனை. பழந்துணியால் அந்த மூடியின் மேலே படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். நீ அன்றைக்குப் பெருவிரலால் அழுத்தி வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. காய்ந்து கறுத்திருந்தாலும் உன் விரல் ரேகை தெரிந்தது. ரேகை தெரிந்தது என்பதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நீ இருந்தால் கழித்திருப்பாய்.

அதுதானே உன் வேலை. தண்ணீர் உன்னுடையது, கரண்ட் என்னுடையது, நான் சொல்வதில் பாதியைக் கழிப்பதும் உன்னுடையது. குழாய், வால்வு, வடிகட்டி என்று தண்ணீர் போகிற பக்கம் எல்லாம் நீ பார்ப்பாய். வயர், சுவிட்ச், மோட்டர் நான். பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன சீல் இருக்கிறதே, தண்ணீர் கரண்ட் பக்கம் வராமல் தடுப்பது, அதுவரைக்கும் உன் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் நீ கை வைத்ததில்லை, அந்தப் பக்கம் நான் வைத்ததில்லை. லுணுகலையில் ஒரு பங்களாவில் வயரைத் தொட்டுப் பார்த்தே வோல்டேஜ் சொன்னேன் அல்லவா, கொழும்பிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் எழுந்து நின்று கை கொடுத்தாரே, அதை நான் எங்கே சொன்னாலும் நீ பக்கத்தில் நின்று பீடியைப் பற்ற வைத்தபடி, "பாதிய கழிச்சுக்குங்க" என்பாய். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இப்போது நான் சொல்வதையெல்லாம் எல்லோரும் முழுசாகக் கேட்டுக்கொள்கிறார்கள், மச்சான். அது எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

நர்ஸம்மா வீட்டில் நாம் அந்த மோட்டரைப் பூட்டிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்துவிட்டு ஹாலிஎலைக்கு மேலே, ரயில் பாதை தெரிகிற சரிவில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். முழங்கால் வலிக்குத் தண்ணீரில் நடப்பது நல்லது என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தடாகம் கட்டினார். தனக்கென்று கட்டியதை அவருடைய சபைக்காரர்களுக்கும் திறந்துவிட்டார். அதுவரை ஞானஸ்நானம் என்றால் அவர்கள் ஆற்றுக்குத்தான் போவார்கள். ஓயா என்கிற அந்த ஆற்றில் பாறையும் வழுக்கலும், கரையில் அட்டை. முங்கி எழுந்தவர்கள் ஜெபம் முடியுமுன் காலைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில், புது மோட்டரைப் பூட்டி முடித்ததும் நீ மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தாய். எந்த மோட்டரையும் பொட்டு வைக்காமல் ஓட்டுகிற பழக்கம் உனக்கு இல்லை. நான் உன் முழங்கையைப் பிடித்து, வேதக்காரர் வீடுடா என்று காதில் சொன்னேன். நர்ஸம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நீ அவரைப் பார்த்து, "சாமி யாரா இருந்தாலும் மோட்டருக்கு ஒரு பொட்டு வேணுமுங்க" என்றாய். அவர் உள்ளே போய்விட்டார். போனவர் கோபித்துக்கொண்டாரோ என்று நான் பயந்தேன். தேத்தண்ணியோடு திரும்பி வந்தார். அந்தப் பொட்டை அதற்குப் பிறகு அவரும் துடைக்கவில்லை, வேலைக்காரரையும் துடைக்க விடவில்லை.

அன்றைக்குத்தான், கடைசி போல்ட்டை முறுக்கும்போது, என் தங்கச்சியைப் பற்றிய பேச்சு வந்தது. நீ ஸ்பேனரை நிறுத்திவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

தங்கச்சி அந்தச் சபைக்குப் போகத் தொடங்கியபோது நம் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் பேசினார்கள். நீ அவளை ஒருநாளும் தடுக்கவில்லை. உன் த்ரீவீலில் நீயே கொண்டுபோய் இறக்குவாய். ஜெபக்கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அவள் வரும்வரை பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உள்ளே வாங்க என்று பாஸ்டர் கூப்பிட்டால், வண்டிக்குக் காவல் வேண்டும் என்பாய். அந்த வண்டியைத் திருடிக்கொண்டு போகிறவன் பதுளையில் இன்னும் பிறக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் ஞானஸ்நானம் எடுக்கட்டுமா என்று கேட்டபோது, "பார்ப்போம்" என்றாய். மறுபடி கேட்டாள். மறுபடியும் பார்ப்போம். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பாள். சரி என்றிருந்தால் அப்போதே இறங்கியிருப்பாள். பார்ப்போம் என்ற ஒரு சொல்லில் அவளை நிறுத்தி வைத்துவிட்டு நீ பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாய். நெஞ்சு வலிக்கிறது என்று நடந்துதான் போனாய். திரும்பி வந்தது வேறு மாதிரி.

அதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, மச்சான். மோட்டரின் சத்தத்தை ரோட்டில் நின்றே கேட்டு என்ன கோளாறு என்று சொல்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னுடைய சத்தத்தைக் கேட்கவில்லை.

உன் காரியமெல்லாம் நம் முறைப்படிதான் நடந்தது. தங்கச்சி ஒன்றுக்கும் குறுக்கே நிற்கவில்லை. நெற்றிப் பொட்டை எடுத்தார்கள், இருந்து கொடுத்தாள். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போனாள், இப்போது பஸ்ஸில். பாஸ்டர் கேட்டபோதெல்லாம், "அவரு சரின்னு சொல்லலீங்க" என்பாள். செத்துப்போனவரிடம் எப்படியம்மா சம்மதம் வாங்குவது என்று அவரும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் நர்ஸம்மாதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி, சரி என்று சொல்ல வைத்தார். நாள் குறித்தார்கள். நம் சொந்தத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் ஒன்றும் பேசவில்லை. நம்ப மாட்டாய், உண்மையிலேயே ஒன்றும் பேசவில்லை.

நாள் குறித்த கையோடு மோட்டர் எரிந்தது.

தண்ணீர் ஓடாவிட்டால் மருந்து கலக்காது. மருந்து கலக்காவிட்டால் மழைக்காலத்துத் தடாகத்தைக் கேட்க வேண்டுமா? ஊறப்போட்ட பாசிப்பயறு போல் பச்சையாகிவிட்டது. அடி தெரியவில்லை. தவளை கத்தியது. நர்ஸம்மா எனக்கு ஆள் அனுப்பினார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கச்சியிடம், மோட்டர் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீரைக் கண்ணாடி ஆக்கித் தருகிறேன் என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"வேணாண்ணே" என்றாள். "அவரு பொட்டு வச்ச மோட்டரு. அவரே நிப்பாட்டிட்டாரு."

பேரிங் தேய்ந்தது, சீல் கசிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, கம்பிச் சுற்று எரிந்தது என்று எல்லாம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "தண்ணி அவரோட பக்கந்தானே" என்றாள். சீல் உன் எல்லைதான். பூட்டியதும் நீதான். அவள் மட்டுமா, நம் ஆட்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பம்ப் அறையில் குந்தியிருந்தபோது நானும் கொஞ்சம் நினைத்தேன்.

பதுளைக்குப் போய் புது மோட்டரும் சீலும் வாங்கி வந்தேன். மோட்டர் ஒரு யானைக்குட்டி கனம். பஸ் ஸ்டாண்டில் மூன்று பேர் கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்று தோளில் வைத்துக்கொண்டு சரிவு ஏறினேன். (கழித்துக்கொள்.) மெயின் சுவிட்சை அணைத்து, வயரைப் பிரித்து, பழைய மோட்டரை இழுத்து வெளியே எடுக்கிறவரை என் ராஜ்ஜியம். அதற்கு அப்புறம் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தைக் கழற்றி, புது மோட்டரின் தண்டில் சீலை உட்கார வைக்க வேண்டும். அது உன் ராஜ்ஜியம். நீ செய்ததைப் பக்கத்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அதாவது பார்ப்பது போல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சீலை எடுத்தேன், அழுத்தி உட்கார வைத்தேன், எல்லா போல்ட்டையும் முறுக்கினேன். ஓட்டினால் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். துடைத்தேன். மறுபடியும் சொட்டியது. அப்போதுதான் உன் குரல் வந்தது: "சீலு மொகத்துல கை வைக்காத மச்சான்." எண்ணெய்க் கையோடு அதன் வழவழப்பான முகத்தை நன்றாகத் தடவி வைத்திருந்தேன். இன்னொரு சீலுக்காக மறுபடி பதுளைக்குப் போனேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது சீலைச் சுத்தத் துணியில் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்து வாசலில் நின்றாள். நர்ஸம்மா அழைத்திருப்பார். பழைய மோட்டர் சுவரோரம் கிடந்தது. அவள் அதன் அருகே உட்கார்ந்து அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் நெற்றியோடு இருக்கிறவள் மோட்டரின் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காதவன் போல் போல்ட்டை முறுக்கினேன்.

"அண்ணே, அவரு ஒங்ககிட்ட ஏதும் சொன்னாரா?"

"எதப் பத்தி?"

"என்னையப் பத்தி. இந்தத் தண்ணியப் பத்தி."

அப்போதுதான் சொன்னேன். இதே இடத்தில், இதே போல்ட்டை முறுக்கும்போது நீ ஸ்பேனரை நிறுத்திவிட்டுச் சொன்ன வார்த்தையை: "அவ எறங்கட்டும் மச்சான். நான் கரையில துண்டு புடிச்சிக்கிட்டு நிப்பேன்."

அவள் பொட்டிலிருந்து கண்ணை எடுத்து, "இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றாள். "நீ கேக்கலியே" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என்னை அறிந்தவள் அல்லவா.

"பாதி கழிச்சிக்கணுமாண்ணே?"

"இதுல கழிக்க ஒண்ணுமில்ல தாயி."

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து, என்ன செய்யணும் என்று கேட்டாள். பம்பின் முன்பக்கத்தில் குப்பை பிடிக்கிற கூடைப் பெட்டியைத் தண்ணீரால் நிரப்பச் சொன்னேன். தண்ணீர் நிரப்பாமல் ஓட்டினால் புது சீல் அந்த நிமிடமே கருகிவிடும். மொதல்ல தண்ணி, அப்பறம் கரண்டு என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்வாய். அவள் வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். நிரம்பியது. நான் சுவிட்சைப் போட்டேன். மோட்டர் பாட்டுப் போல ஓடியது. சொட்டவில்லை.

பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். நர்ஸம்மாதான், "அவர் வச்ச மாதிரி வைங்க. நான் அத அழிச்சனா?" என்றார். வைத்தேன். உன் பொட்டைப் போல வட்டமாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரின் அடியில் பதித்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. நான் பம்ப் அறைப் பக்கமே நின்றுகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். தங்கச்சி வெள்ளைச் சேலையில் படியிறங்குமுன் திரும்பி என்னைத் தேடினாள். பிறகுதான் உறைத்தது. துண்டு பிடிக்கக் கரையில் யாரும் இல்லை. நான் பத்தடி தள்ளிக் கொடியில் கிடந்த ஒரு துண்டை உருவிக்கொண்டு ஓடிப்போய், செருப்போடு கரையில் நின்றேன். அவள் முங்கினாள். எழுந்தாள். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். துண்டைக் கொடுத்தேன். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுதது உனக்காகத்தான்.

அந்தத் துண்டை நர்ஸம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். உன் பழைய மோட்டரின் பின்மூடியை அதில் சுற்றி என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எந்த வேலைக்குப் போனாலும் என்னோடு வருகிறது. தங்கச்சி சபையிலும் சொந்தத்திலும் நீ சொன்ன அந்த வார்த்தையை எல்லோரிடமும் சொல்கிறாள். என் வீட்டுக்காரர் சரியென்று சொல்லித்தான் இறங்கினேன், துண்டு பிடித்து நிற்பேன் என்றாராம் என்கிறாள். முன்பு எசகுபிசகாகப் பேசியவர்கள்கூட அதைக் கேட்டு, அவன் அப்படிப்பட்ட ஆள்தான் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

உனக்குத் தெரியும், மச்சான். அன்றைக்கு அந்த போல்ட்டை முறுக்கும்போது நீ ஸ்பேனரை நிறுத்தினாய், அது நிஜம். என்னவோ சொல்ல வாயெடுத்தாய், அதுவும் நிஜம். நான்தான் விடாமல் லுணுகலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சிரித்துவிட்டு மறுபடி முறுக்கத் தொடங்கினாய். துண்டைப் பற்றியோ அவள் இறங்குவதைப் பற்றியோ நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதில் பாதியைக் கழித்தால் போதாது.