கோதுமை வயலுக்கு மஞ்சள் தாள்

கிழக்குத் தாம்பரம்,
12.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

வெண்ணிலா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்திரேலியப் பண்ணையில் விமானத்திலிருந்து மருந்து தெளித்த பிறகும் கோதுமையில் துரு நோய் நிற்கவில்லை, நீங்கள் மருந்தைக் குறைவாகக் கலந்ததாக விமானி சொல்கிறார், வேலை போனாலும் போகும் என்று எழுதியிருந்தீர்கள். "போனா போகட்டும், மனுஷர் வீடு வந்து சேரட்டும்" என்றாள் அம்மா. எனக்கு மனம் ஆறவில்லை. பால் பவுடரைக்கூட ஸ்பூனைத் தட்டித் தட்டி அளப்பவராயிற்றே நீங்கள்!

மருந்து சரியாக இருந்தும் இலையில் விழாமல் போயிருக்கலாம் அல்லவா? இஸ்திரி போடும் பொன்னுரங்கம் அண்ணனின் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை வாங்கி, மாடியிலிருந்து கறிவேப்பிலைச் செடிமேல் அடித்துப் பார்த்தேன். "இன்னா பாப்பா, செடிக்கு இஸ்திரியா?" என்று சிரித்தார். பாட்டிலின் மூக்கை இறுக்கினால் தண்ணீர் பனிபோல் கிளம்பி, காற்றோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. தளர்த்தினால் துளி பெரிதாகிச் செடிக்குள் இறங்குகிறது.

போன வாரம் என் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியது. சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துவிட்டது. அதனால் தாள்களை மஞ்சள் நீரில் நனைத்து, காயவைத்து, இத்துடன் அனுப்புகிறேன். மேல் இலை, நடு இலை, கீழ் இலை மூன்றிலும் குத்திவிட்டு, மருந்துக்குப் பதில் சலவை சோடாத் தண்ணீரைத் தெளிக்கச் சொல்லுங்கள். பட்ட இடம் சிவக்கும்.

அன்பு மகள்,
வெண்ணிலா

மேற்கு ஆஸ்திரேலியா,
20.9.2006

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

"இது சமையலறையிலிருந்து வந்ததா?" என்று விமானி கேலி செய்தார். "ஆமாம், என் வீட்டுச் சமையலறை" என்றேன். நிலத்துக்காரர்தான் பார்த்துவிடலாம் என்றார்.

முதலில் வழக்கம்போலவே தெளித்தோம். மேல் தாளில் நாலைந்து சிவப்புப் புள்ளி. நடுவிலும் கீழேயும் மஞ்சள் அப்படியே இருந்தது. துளி மிகச் சிறியது, பறந்த உயரமும் அதிகம். பிறகு விமானி பெரிய துளி விடும் குழாய் மூக்குகளை மாட்டி, தண்ணீரைக் கூட்டி, காற்று அடங்கிய காலையில் தாழப் பறந்தார். கீழ்த் தாள்வரை சிவந்தது. மருந்தின் அளவை நான் மாற்றவே இல்லை. புது இலைகளில் இப்போது துரு இல்லை. எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து விமானி மன்னிப்புக் கேட்டார்.

உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஆனால் ஒன்று. என்னை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். இருந்தால் உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அங்கே இருக்க மாட்டேன். வா என்றால் வந்துவிடுகிறேன். நீயே சொல்.

அப்பா,
தனசேகர்

கிழக்குத் தாம்பரம்,
3.10.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

"ஏன்டி, நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் அவர் வந்திருப்பாரே" என்றாள் அம்மா. பிறகு அவளே கடிதத்தை எடுத்துப் போய், விமானி மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் பொன்னுரங்கம் அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "அப்டிப் போடு!" என்று அவர் இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்ததில் யாருடைய கைக்குட்டையோ கருகிவிட்டது.

முடிவை என்னிடம் கேட்டதற்கு நன்றி அப்பா. இருங்கள். இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பரீட்சை நாட்களில் காலை எட்டு மணிக்குள் போன் செய்யுங்கள். அதற்குப் பிறகென்றால் முகம் கழுவ நேரமிருக்காது, அழுத முகத்தோடு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும்.

உங்கள்,
வெண்ணிலா