திரையில் விழுந்த தேசிங்கின் கடல்

வியாழன், இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுதித் தொலைத்தால் வருமா பார்க்கலாம்.

புதுப்பட்டினத்தில் மீனவர்களுக்கு நான் எடுக்கும் ஜிபிஎஸ் பயிற்சிக்கு இன்று மூன்றாம் நாள். நான் கற்றுக்கொடுக்கக் கொண்டுபோனதெல்லாம் தேசிங்கு அண்ணனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஐந்தாவதுவரை படித்தவர். படகில் உட்கார்ந்து பொத்தான்களை அமுக்கி அமுக்கித் தானே கற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரே பூரிப்பு. "யாரும் சொல்லித்தராமல் கற்றவர், பாருங்கள்" என்று அவருடைய கருவியை வாங்கிப் பெரிய திரையில் போட்டேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சேமித்துவைத்திருந்த இடங்கள் எண்களோடு வரிசையாக வந்தன. எல்லாம் மீன் கூடும் கடலடிப் பாறைகள்.

வகுப்பு முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னா சார் இப்டி பண்ணிட்ட? ஒவ்வொரு எடமும் வலைய கிழிச்சிகினு கண்டுபுடிச்சது. என் கூடப் பொறந்தவனுக்கே காட்டுனதில்ல."

மன்னிப்புக் கேட்டேன். கருவியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாளையும் வகுப்பு இருக்கிறது. அவர் வருவாரா தெரியவில்லை. மற்றவர்கள் விடிவதற்குள் எந்தப் பக்கம் படகை விடுவார்களோ...

ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்து உறுத்துகிறது. இரண்டு நாளாக ஒருவரும் நோட்டைத் திறக்காத வகுப்பு அது. இன்று அத்தனை பேரும் குனிந்து எழுதினார்கள். எல்லோரும் எழுதி முடிக்கட்டும் என்று நான் திரையை அணைக்காமல் காத்திருந்தேன்.